மிரண்ட மாடு பாலை எக்குவது ஏன்?

நாஞ்சில் நாட்டில் வயலுக்கு அடுத்தபடியாகக் குடும்பச் செலவைத் தாங்குவது கறவை மாடுதான். கன்னிப்பூவும் கும்பப்பூவும் வீடு வந்து சேர மாதங்கள் ஆகும். பால் பணமோ அவ்வப்போது கைக்கு வந்துவிடும். ஆகவே, நேற்றுவரை ஐந்து லிட்டர் கறந்த பசு இன்று இரண்டு லிட்டரோடு நிறுத்திக்கொண்டால் வீட்டில் கவலை தொற்றிக்கொள்கிறது. தீவனத்தில் குறைவில்லை, காய்ச்சல் இல்லை, மடியில் வீக்கமும் இல்லை. ‘கண் பட்டுவிட்டது’ என்பார் சிலர். ‘மாடு கள்ளத்தனம் செய்கிறது’ என்பார் வேறு சிலர். இரண்டும் அல்ல. மாட்டின் மூளையிலும் சுரப்பிகளிலும் ஊறும் சில பொருள்களே இதற்குக் காரணம்.

பால் இறங்கும் விதம்

பசுவின் மடியிலுள்ள பாலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் காம்புக்கு மேலுள்ள அறையில் தயாராக நிற்கும். எஞ்சிய பால் மடியின் உள்ளே மிக நுண்ணிய பைகளில் தங்கியிருக்கும். கையால் எவ்வளவு இழுத்தாலும் அது தானாக வராது. கன்று முட்டும்போதும், மடியைக் கழுவித் தடவும்போதும் அந்த உணர்வு நரம்பு வழியாக மூளைக்குச் செல்கிறது. உடனே மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஆக்ஸிடோசின் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. அது மடிக்கு வந்து, நுண்பைகளைச் சுற்றியுள்ள தசை இழைகளைச் சுருக்குகிறது. பால் பிழியப்பட்டுக் கீழே இறங்குகிறது. ‘சுரப்பு விட்டது’ என்று நாம் சொல்வது இதைத்தான்.

தடவத் தொடங்கிய ஒரு நிமிட அளவில் சுரப்பு விடும். ஆனால் இந்த ஹார்மோன் இரத்தத்தில் சில நிமிடங்களே நிற்கும். அதற்குள் கறந்து முடிக்க வேண்டும். எருமைக்கு அறையில் நிற்கும் பால் இன்னும் குறைவு. சுரப்பு விடவும் தாமதமாகும்.

பூனையும் காகிதப் பையும்

1941ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஈலி, பீட்டர்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கறவை நேரத்தில் பசுவின் முதுகில் ஒரு பூனையை விட்டு, பக்கத்தில் காகிதப் பைகளை ஊதி வெடித்தார்கள். மிரண்ட பசு பாலை எக்கிக்கொண்டது. அச்சுறுத்தாமல் அட்ரினலின் ஊசி மட்டும் போட்டபோதும் பால் இறங்கவில்லை.

விளக்கம் இதுதான். அச்சம் வந்ததும் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலின் வெளிப்படுகிறது. அது மடிக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் ஆக்ஸிடோசின் போய்ச் சேருவது தடைப்படுகிறது. புதிய இடத்தில், புதிய ஆளிடம் நிற்கும் மாட்டுக்கு மூளையே ஆக்ஸிடோசினை விடாமல் அடக்கிக்கொள்வதும் உண்டு.

நீடிக்கும் தொல்லை

அட்ரினலினின் ஆட்டம் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். தொல்லை நீடித்தால் இன்னொரு பாதை வேலை செய்கிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி சி.ஆர்.எச். என்ற பெப்டைடை அனுப்பிப் பிட்யூட்டரியைத் தூண்டும். பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை அனுப்பி அட்ரினல் சுரப்பியைத் தூண்டும். அங்கிருந்து கார்ட்டிசால் வரும். 41 அமினோ அமிலங்களாலான இந்த சி.ஆர்.எச்.சை 1981ஆம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞானி வைலி வேல் குழுவினர் கண்டறிந்தது செம்மறியாட்டு மூளையிலிருந்துதான்.

கார்ட்டிசால் கெட்டதல்ல. ஆபத்தைத் தாங்க உடலுக்குச் சர்க்கரையைத் திரட்டித் தருவது அதுவே. வேலை முடிந்ததும் ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லி உற்பத்தியை நிறுத்துவதும் அதுவே. தொல்லை ஓயாதபோதுதான் கேடு. நோய் எதிர்ப்புச் சக்தி குறைகிறது. சினை அறிகுறி மங்குகிறது. சினை பிடிப்பதும் தள்ளிப்போகிறது. வெளியூர்ச் சந்தையில் வாங்கி, இரவெல்லாம் லாரியில் நின்று ஆரல்வாய்மொழி கடந்து வரும் மாடு சில நாள் பால் குறைந்து, எளிதில் நோய்வாய்ப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். கடலோர ஊர்களில் பங்குனி, சித்திரைப் புழுக்கமும் கலப்பினப் பசுக்களுக்குப் பெரும் தொல்லை. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலராது. உடல் சூடு இறங்காது.

ஊசி வேண்டாம்

பால் இறங்கவில்லை என்றதும் ஆக்ஸிடோசின் ஊசியைத் தேடுவோர் உண்டு. ஊசி அந்த வேளைப் பாலை இறக்கும், தொல்லையை நீக்காது. நாள்தோறும் போட்டால் மாடு அதற்குப் பழகி, பிறகு ஊசி இல்லாமல் சுரப்பு விடத் தயங்கும். மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்து அது. மாட்டின் உடலுக்குக் கேடு தரும்படி, பாலைக் கூட்ட ஊசி போடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடைச் சட்டப்படி குற்றம். சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. மாடும் அரசுக்குப் போய்விடும்.

செய்ய வேண்டியவை

1. நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், பழகிய ஆளே கறக்க வேண்டும்.

2. கறக்குமுன் மடியைக் கழுவித் துடைத்து, ஒரு நிமிடம் தடவிக் கொடுக்க வேண்டும். சுரப்பு விட்டதும் ஐந்து முதல் ஏழு நிமிடத்துக்குள் முழுவதும் கறக்க வேண்டும். மடியில் பால் தங்கினால் நாளடைவில் சுரப்பு குறையும்; மடிநோய்க்கும் இடமாகும்.

3. கறவை வேளையில் அடி, அதட்டல், நாய், வெடிச் சத்தம் கூடாது.

4. தொழுவத்தில் நிழலும் காற்றோட்டமும் வேண்டும். புழுக்க நாளில் காற்றில்லாத கொட்டிலில் தண்ணீர் தெளிப்பதால் பயன் குறைவு. குடிநீர் எந்நேரமும் இருக்க வேண்டும். அடர்தீவனத்தைக் காலை, மாலைக் குளிர்ச்சியில் வைப்பது நல்லது.

5. புதிதாக வாங்கிய மாட்டைச் சில நாள் தனியே கட்டி, தீவனத்தைப் படிப்படியாக மாற்ற வேண்டும்.

இவ்வளவு செய்தும் இரண்டொரு நாளில் பால் திரும்பாவிட்டாலோ, காய்ச்சல், மடிவீக்கம், பால் திரிதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலோ காரணம் வேறு. அப்போது தாமதிக்காமல் அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே நல்லது.