பழவேற்காட்டுப் பறவைகளுக்கு எந்த ஸ்கோப் வாங்கலாம்?

மீஞ்சூரில் இருப்பவர்களுக்குப் பறவை பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. வடக்கே பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஏரி, கிழக்கே காட்டுப்பள்ளி, தெற்கே அத்திப்பட்டு உப்பளங்களும் எண்ணூர்க் கழிமுகமும். ஐப்பசி முதல் பங்குனி வரை வடதுருவத்தை ஒட்டிய நாடுகளிலிருந்து வலசை வரும் உள்ளான்கள் இந்தச் சேற்றுப் பரப்புகளில் இரை தேடுகின்றன. ஏரியில் பூநாரைகள் கூட்டமாக நிற்கின்றன. ஆனால் நடுவில் அகலமான நீர்ப்பரப்பு, காலை வைத்தால் புதையும் சேறு. நாம் நெருங்கவும் முடியாது, நெருங்கினால் பறவை இருக்கவும் இருக்காது. ஸ்பாட்டிங் ஸ்கோப்பின் தேவை இங்கேதான் வருகிறது.

இது டிரைபாடில் பொருத்தி ஒரு கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி. 600 மீட்டர் தள்ளி நிற்கும் பறவை, 8 மடங்கு பைனாகுலரில் 75 மீட்டரில் இருப்பதாகத் தெரியும். 30 மடங்கு ஸ்கோப்பில் 20 மீட்டருக்கு வந்துவிடும். பைனாகுலரில் ‘ஏதோ ஒரு மூக்கன்’ என்று விட்டுவிட்ட பறவையின் அலகு அப்போது தெளிவாகிறது. நேராக நீண்டிருந்தால் கருவால் மூக்கன். நுனி லேசாக மேல்நோக்கி வளைந்து, முதுகில் கோடுகளும் இருந்தால் பட்டைவால் மூக்கன். பூநாரையிலும் அப்படித்தான். வெளிர்சிவப்பு அலகின் நுனி மட்டும் கறுத்திருந்தால் பெரியது. அலகு முழுவதும் கருஞ்சிவப்பாக இருந்தால் சிறியது.

கடையில் பலரும் முதலில் கேட்பது “எத்தனை மடங்கு?” என்றுதான். அதைவிட முன் வில்லையின் விட்டத்தைக் கேட்பது நல்லது. ‘20-60×80’ என்றால் 20 முதல் 60 மடங்கு வரை பெரிதாக்கும், வில்லை 80 மி.மீ. என்று பொருள். விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 20 மடங்கில் அது 4 மி.மீ.; 60 மடங்கில் 1.3 மி.மீ. மட்டுமே. பகலில் நம் கண்மணி 2, 3 மி.மீ. விரிந்திருக்கும். ஆகவே மடங்கைக் கூட்டக் கூட்டக் காட்சி மங்குகிறது. 80 மி.மீ. வில்லை 60 மி.மீ. வில்லையைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு ஒளி வாங்கும். விடியலிலும் அந்தியிலும் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

நம் ஊர் வெயில் இன்னொரு வரம்பு போடுகிறது. காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் உப்பளத்தின் மீது காற்று நெளியத் தொடங்கும். 60 மடங்கில் பார்த்தால் அந்த நெளிவும் சேர்ந்தே பெரிதாகும்; பறவையின் உருவம் கலைந்துவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியாலும் இதைச் சரிசெய்ய முடியாது. அந்த நேரத்தில் 25, 30 மடங்குதான் கைகொடுக்கும். எனவே அந்த 30 மடங்கில் காட்சி கூர்மையாக இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

கூர்மையைத் தீர்மானிப்பது கண்ணாடியின் தரம். சாதாரண வில்லை எல்லா நிறங்களையும் ஒரே புள்ளியில் குவிக்காது. அதனால் உருவத்தின் விளிம்பில் ஊதாவும் பச்சையும் கசியும். ஈ.டி. கண்ணாடியும் ஃப்ளோரைட்டும் இந்தக் கசிவைப் பெருமளவு குறைக்கும். இதைக் கடைவாசலிலேயே சோதிக்கலாம். வெளிர்வானத்தின் பின்னணியில் ஓடும் மின்கம்பி ஒன்றைப் பாருங்கள். கம்பி கறுப்புக் கோடாக மட்டும் தெரிந்தால் நல்ல கண்ணாடி. அதே கம்பியைக் காட்சியின் ஓரத்துக்கு நகர்த்தி, அங்கும் தெளிவு குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூக்குக்கண்ணாடி அணிபவர்கள், கண்ணை 15 மி.மீ.க்குக் குறையாமல் தள்ளி வைத்தும் முழுக் காட்சி தெரியும் ஸ்கோப்பைக் கேட்டு வாங்குங்கள். சாய்வான கண்பகுதி உள்ளதை எடுத்தால் உயரமானவரும் குள்ளமானவரும் டிரைபாடை மாற்றாமலே பார்க்கலாம். உள்ளே நைட்ரஜன் நிரப்பி, நீர் புகாதபடி அடைத்த ஸ்கோப்பில் உட்புறம் பனி படியாது. கடற்கரை ஈரத்தில் வில்லையில் பூஞ்சை பிடிக்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். உப்புத்துளி பட்ட வில்லையைத் துணியால் தேய்க்காமல் முதலில் ஊதியோ பிரஷ்ஷாலோ தூசியை நீக்குங்கள்.

டிரைபாடில் சிக்கனம் பிடிப்பவர்கள்தான் அதிகம். கடற்காற்றில் கால்கள் நடுங்கினால் லட்ச ரூபாய் ஸ்கோப்பிலும் காட்சி ஆடும். நடுத்தண்டை உயர்த்தாமல், கால்களை அகட்டி, நடுவில் பையைத் தொங்கவிட்டால் ஆட்டம் அடங்கும். காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். வெயில் முதுகில் விழும், பறவையின் நிறமும் தெளியும். பாதுகாப்புக் காவலர்கள் சந்தேகப்படாதிருக்க, துறைமுகம், அனல்மின் நிலையம் பக்கம் கருவியைத் திருப்ப வேண்டாம். அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

சில உள்ளான்களின் காலில் எழுத்தும் எண்ணும் பொறித்த சிறு கொடி இருக்கும். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு அவற்றின் வலசைப் பாதையை ஆராய்ந்து வருகிறது. நல்ல ஸ்கோப் இருந்தால் பறவையைப் பிடிக்காமலே அந்த எழுத்தைப் படித்து, தேதியும் இடமும் சேர்த்துச் சங்கத்துக்குத் தெரிவிக்கலாம். சாம்பல் கழிவும் கட்டுமானமும் எண்ணூர்க் கழிமுகத்தைச் சுருக்கிவரும் காலம் இது. இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன பறவை இரை தேடியது என்ற ஒவ்வொரு பதிவும் இந்த நீர்நிலை உயிரோடு இருப்பதற்கான சான்று. அந்தச் சான்றைத் தவறில்லாமல் எழுதத்தான் தெளிவான கண்ணாடியும் அசையாத காலும் வேண்டும் என்கிறேன்.