மெஷினை வாங்கினேன், அளவை வாங்கவில்லை

கடை மேசையில் உட்கார்ந்தபடியே நித்திரையாகிப்போகும் முதலாளிகளைப் பார்த்து நாமெல்லாம் சிரித்திருக்கிறோம். சில வருடங்களுக்கு முன்பு அந்த முதலாளி நானாகவே இருந்தேன். பில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். ஒருநாள் குருநாகலிலிருந்து வேனை ஓட்டி வரும்போது நிட்டம்புவைக்கு அருகில் ஒரு கணம் கண் மூடிவிட்டது. பக்கத்திலிருந்த மகன் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பியிராவிட்டால் இந்தப் பத்தியை எழுத நான் இருந்திருக்கமாட்டேன்.

என் குறட்டை இடையில் சட்டென்று நின்றுவிடும் என்றும், சில விநாடிகள் மூச்சே இல்லாமல் கிடந்து பின்பு திடுக்கிட்டு இழுப்பேன் என்றும் மனைவி பல வருடங்களாகச் சொல்லி வந்தார். நான்தான் காதில் போடவில்லை. ஓரிரவு பரிசோதனை செய்ததில் மணித்தியாலத்துக்கு 38 தடவைகள் என்று வந்தது. 5 இற்குக் குறைந்தால் சாதாரணம், 30 ஐத் தாண்டினால் கடுமை.

நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை ஒட்டிக்கொள்வதே இந்த நோய். மாஸ்க் வழியாகக் காற்றை அமுக்கத்துடன் செலுத்தி அந்தப் பாதையைத் திறந்து வைத்திருப்பதுதான் சீபெப் மெஷினின் வேலை. அவுஸ்திரேலியாவின் சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியர் 1980 இல் இதை முதலில் செய்து பார்த்தார்.

பெரிய தொகை கொடுத்து ஒன்றை வாங்கினேன். விற்ற இளைஞர், "ஹாஜியார், இது ஓட்டோமெட்டிக். நீங்க ஒண்டும் செய்யத் தேவையில்ல" என்றார். நானும் நம்பினேன். முப்பது வருடம் வியாபாரம் செய்தவன் இப்படி நம்பியிருக்கக் கூடாது.

போட்டவுடன் காற்றுப் போதாமல் நெஞ்சு தவிக்கும். நடுச்சாமத்தில் மெஷின் சீறிக்கொண்டு காற்றைத் தள்ள, மாஸ்க்கின் ஓரத்தால் விசில் அடிக்கும். காலையில் வயிறு முழுக்கக் காற்று, ஒரே ஏப்பம். இளைஞரிடம் போனால் "பழகிரும் ஹாஜியார்" என்ற ஒரே பதில்தான். ஒரு மாதத்தில் மெஷின் அலுமாரிக்குள் போய்விட்டது.

பின்பு வைத்தியரிடம் போனபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, மெஷினின் கார்ட்டைத்தான் கேட்டார். பழைய காலத்துக் கணக்குப்பிள்ளை மாதிரி அது ஒவ்வோர் இரவையும் எழுதி வைத்திருந்தது. எத்தனை தடவை மூச்சு நின்றது, எவ்வளவு காற்று ஒழுகியது, எந்த அமுக்கம் தேவைப்பட்டது எல்லாம் அதில் இருந்தது. மெஷினோடு இருந்தும் எனக்கு மணித்தியாலத்துக்கு 14 தடவை மூச்சு நின்றிருக்கிறது. அமுக்கமோ தொழிற்சாலையிலிருந்து வந்த 4 முதல் 20 வரை என்ற அளவிலேயே கிடந்தது. இதைச் சென்றிமீற்றர் நீர் என்ற கணக்கில் சொல்வார்கள்.

விடயம் இதுதான். ஓட்டோமெட்டிக் மெஷின் மூச்சு அடைபடுவதைக் கண்ட பிறகுதான் அமுக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும். 4 இலிருந்து தொடங்கினால் எனக்குத் தேவையான அளவுக்கு அது ஏறி வருவதற்குள் மூச்சு பல தடவை நின்றுவிடும். மேலே 20 வரை விட்டால், ஏறிய அமுக்கம் மாஸ்க்கைத் தூக்கி ஒழுகவைத்து ஆளையும் எழுப்பிவிடும்.

ஆனால் வைத்தியர் முதலில் அமுக்கத்தில் கை வைக்கவில்லை. மாஸ்க்கைத்தான் மாற்றினார். என்னுடையது ஒரு சைஸ் பெரிதாம். ஒழுகும் தராசில் நிறுத்து விலை போட முடியாதல்லவா? இரண்டு வாரம் கழித்து மீண்டும் கார்ட்டைப் பார்த்தபோது, பெரும்பாலான நேரம் 11 இற்குள் போதுமாக இருந்தது தெரிந்தது. கீழ் எல்லையை 8 ஆகவும் மேல் எல்லையை 13 ஆகவும் வைத்தார். மூச்சு விடும்போது அமுக்கம் சற்றுக் குறையும்படியும் செய்தார். அடுத்த மாதம் 14 என்பது 3 ஆகிவிட்டது. கடையில் கண் சொருகுவதும் நின்றது.

என் அளவைக் கேட்டு அதையே தன் மெஷினிலும் போடப் பார்த்தார் ஒரு நண்பர். தடுத்துவிட்டேன். அளவுக்கு மிஞ்சிய அமுக்கம் சிலருக்கு வேறொரு வகை மூச்சு நிறுத்தத்தை உண்டாக்கும். அதில் பாதை திறந்திருக்கும், மூளைதான் மூச்சுவிடச் சொல்லாது. நிறை நன்றாகக் கூடினாலும் குறைந்தாலும் அளவு மாறலாம். நானும் இடையில் எட்டுக் கிலோ குறைந்தபோது அளவைத் திரும்பப் பார்க்கவேண்டி வந்தது.

வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்த பழைய மெஷினை மலிவாக வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2021 ஜூன் மாதம் பிலிப்ஸ் நிறுவனம், உள்ளே இருக்கும் சத்தத் தடுப்புப் பஞ்சு உதிரக்கூடும் என்று இலட்சக்கணக்கான மெஷின்களைத் திருப்பியழைத்தது. மொடலையும் தொடர் இலக்கத்தையும் பார்க்காமல் வாங்காதீர்கள். 2022 இல் 13 மணித்தியால மின்வெட்டு வந்த நாட்களில் நான் பெற்றரியில் ஓட்டினேன். ஈரப்பதமூட்டும் ஹீட்டரை நிறுத்திவிட்டால் பெற்றரி கூடுதல் நேரம் நிற்கும்.

விற்பவர்களைக் கேட்கிறேன். குளிர்சாதனப் பெட்டி விற்றால் ஆள் அனுப்பிப் பூட்டிக் கொடுக்கிறோம். மூச்சுக்கான மெஷினை மட்டும் பெட்டியோடு கையில் கொடுத்து அனுப்புவது என்ன வியாபாரம்? இரண்டு வாரத்தில் கார்ட்டை யார் பார்ப்பார் என்பதைப் பில்லிலேயே எழுதிக் கொடுத்தால் என்ன?

கடந்த வாரம் புறக்கோட்டையில் புடவைக் கடை வைத்திருக்கும் நாநா ஒருவர், தன் மெஷினும் அலுமாரியில் கிடப்பதாகச் சொன்னார். கார்ட்டை எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போகச் சொன்னேன். அவருடையதிலும் 4 முதல் 20.