பட்டம் கிடைத்தது! பந்தம்?

"படிப்பு முடிந்தது, பட்டம் கிடைத்தது, இனிச் சங்கம் எதற்கு, சந்தா எதற்கு?" என்று கேட்போர் எந்த நாட்டிலும் உண்டு. கல்லூரி வாயிலைத் தாண்டியதும் பழகியவர்களை மறப்பதே முன்னேற்றம் என்று எண்ணுவோர் அவர்கள். அமெரிக்க நாட்டுக் கருப்பின மாதர் அந்தக் கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக விடையளித்து வருகின்றனர். அந்த விடையைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

அந்நாட்டுக் கல்லூரிகளில் 'சொராரிட்டி' என்றொரு அமைப்பு உண்டு. உடன்பிறவாச் சகோதரிகளின் சங்கம்! கிரேக்க எழுத்துக்களே பெயர். விருந்தும் விழாவுமே வேலை என்று வெளியார் நினைப்பர். வெள்ளையர் சங்கங்கள் கருப்பின நங்கையரை வாசற்படி ஏறவிடாத நாளில், 1908-இல், வாஷிங்டனிலுள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்து மாணவியர் தாமே ஒரு சங்கம் கண்டனர். ஆல்பா கப்பா ஆல்பா அதன் பெயர். அடிமைத்தளை அறுபட்டு அப்போது 43 ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன!

1913 ஜனவரியில் அதே இடத்தில் 22 மாணவியர் டெல்டா சிக்மா தீட்டா எனும் சங்கத்தை அமைத்தனர். சங்கத்துக்கு இரண்டு மாதம்கூட நிறையவில்லை. மார்ச் 3-ஆம் நாள் வாஷிங்டன் வீதியில் பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் அவர்கள் நடந்தனர். கருப்பின மாதர் கடைசியில் வரட்டும் என்ற பேச்சு அந்த ஊர்வலத்திலேயே எழுந்தது. எழுந்தும் நடந்தனர்! விருந்துக்குக் கூடியவர்களா அவர்கள்?

இச்சங்கங்களில் பட்டத்தோடு உறவு முடிவதில்லை. பட்டதாரிகளுக்கென ஊர்தோறும் தனிக் கிளைகள். ஆசிரியையாகட்டும், மருத்துவராகட்டும், வழக்கறிஞராகட்டும், வேலை பார்க்கும் ஊரிலேயே கிளையில் சேரலாம், சந்தா செலுத்தலாம், ஏழை மாணவிக்கு உதவித்தொகை திரட்டலாம், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வீடு வீடாகச் செல்லலாம். நரை கண்ட பின்னும் அவர்கள் ஒருவருக்கொருவர் சகோதரிகளே.

இது வெறும் பாசமா? மிசிசிப்பி மாநிலம் விடை சொல்லும்! 1935-இல் டாக்டர் டாரதி ஃபெரெபீ எனும் மருத்துவ மாதின் தலைமையில், ஆல்பா கப்பா ஆல்பாவைச் சேர்ந்த பெண்கள் கோடை விடுமுறையைத் துறந்து, ஹோம்ஸ் கவுண்டி எனும் பகுதிக்குக் கார்களில் புறப்பட்டனர். பருத்திக் காட்டில் பாடுபடும் கருப்பினக் குடும்பங்களுக்கு மருத்துவம் பார்ப்பது நோக்கம். "எம் ஆட்கள் வேலையை விட்டு வரமாட்டார்கள்" என்று பண்ணையார்கள் தடுத்தனர். திரும்பிவிட்டனரா? இல்லை! மக்கள் மருத்துவமனைக்கு வரக்கூடாதென்றால், மருத்துவமனை மக்களிடம் வரும் என்றனர். கார்களே மருத்துவமனைகளாயின. வயற்புறத்திலேயே அம்மைக்கும் தொண்டை அடைப்பான் நோய்க்கும் தடுப்பூசி போட்டனர். ஒரு கோடையோடு நில்லாமல், 1940-களின் தொடக்கம்வரை அப்பணி நடந்தது.

ஆனால் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது.

அலபாமா பல்கலைக்கழகம்! 1963 ஜூன் 11-இல் விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் என்ற இரு கருப்பின மாணவர்களை மறித்து, ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் வாயிலில் நின்றாரே, அதே இடம். ஐம்பது ஆண்டுகள் உருண்டன. 2013 செப்டம்பரில் அங்குள்ள மாணவர் இதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. மதிப்பெண்ணில் முன்னிற்கும் கருப்பின மாணவியை வெள்ளையர் சங்கங்கள் சேர்க்க மறுத்தன! மறுத்தது யார்? "நாங்கள் சேர்க்க விரும்பினோம், எங்கள் சங்கத்துப் பழைய மாணவியர் குறுக்கே நின்றனர்" என்று உள்ளிருந்த இளம்பெண்களே எடுத்துரைத்தனர். மாணவரும் ஆசிரியரும் ஊர்வலம் போயினர், நிர்வாகம் தலையிட்டது, கதவு சற்றே திறந்தது.

அவர்களும் பட்டம் பெற்றபின் பந்தத்தை விடாதவர்கள்தாம்! சந்தா செலுத்தியவர்கள்தாம்! எனவே பந்தம் இருந்தால் மட்டும் போதுமா என்று கேட்கிறோம். மிசிசிப்பிக்குச் சென்றவர்கள் தமக்குக் கிட்டிய கல்வியை, கிட்டாதவரிடம் கொண்டு சென்றனர். அலபாமாவில் குறுக்கே நின்றவர்களோ தம் காலத்து அழுக்கை, அடுத்த தலைமுறையின் தலையில் ஏற்றினர்.

2020-இல், சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிறுத்தப்பட்டார். ஹோவர்டில் படித்தபோதே ஆல்பா கப்பா ஆல்பாவில் சேர்ந்தவர். உடனே அவரது தேர்தல் நிதிக்கு ஒரு விந்தைத் தொகை குவிந்தது: 19 டாலர் 8 சென்ட்! 1908-ஐ நினைவூட்டும் காணிக்கை. அனுப்பியோர், கல்லூரியை விட்டுப் பல்லாண்டு ஆன சகோதரிகள்.

பட்டம் பெற்றுச் செல்லும் நங்கையரே, சங்கத்துக்குத் திரும்பிச் செல்லுங்கள்; கட்டாயம் செல்லுங்கள். ஆனால் வாயிலில் நின்று வருபவளின் நிறத்தைப் பார்க்க அல்ல. அவள் வழியில் கிடக்கும் முள்ளை அகற்றச் செல்லுங்கள்!