வணிகர் தந்த வினை

நார்வே நாட்டார் நாள்தோறும் மிகுதியாக ஆளும் வினைகளுள் ஒன்று ‘ப்லீ’. ‘ஆதல்’ என்பதே அதன் முதன்மைப் பொருள். ஒருவர் ஆசிரியர் ஆனார் என்பதையும், சினம் கொண்டார் என்பதையும், நாளை மழை வரும் என்பதையும் இவ்வொரு வினையாலேயே சொல்லிவிடலாம். நிகழ்காலத்தில் ‘ப்லீர்’, இறந்தகாலத்தில் ‘ப்லே’ அல்லது ‘ப்லெய்’. எழுவாய் எதுவாயினும் வடிவம் திரியாது.

செயப்பாட்டு வினையை அமைக்கும் துணைவினையும் இதுவே. கதவு மூடிக் கிடக்கும் நிலையை உரைக்க இருத்தல் வினை வரும். அது மூடப்பட்ட நிகழ்வை உரைக்க ‘ப்லே’ வரும். நிலையையும் நிகழ்வையும் இத்துணை நுட்பமாகப் பிரிக்கும் இவ்வினை அம்மண்ணில் பிறந்ததன்று என்பதே வியப்பு.

நார்வே மொழியின் மூதாதையான பழைய நார்சு மொழியில் ‘ப்லீ’யின் இடத்தில் இருந்தது ‘வெர்தா’ என்னும் வினை. ஐசுலாந்தில் அது இன்றும் ஆட்சியில் உள்ளது. நார்வேக்கோ வட செருமானிய வணிகர் வந்தனர். பெர்கன் துறையில் 1360 அளவில் அவர்களது ஆன்சாக் கூட்டமைப்பின் வணிக நிலையம் எழுந்தது. கூலம் வந்திறங்க, உலர்மீன் கப்பலேறியது. அவ்வணிகரின் தாழ்நிலச் செருமானியத்தில் ‘ப்லீவென்’ என்றால் தங்குதல். ஒரு நிலையில் தங்கிவிடுதல் என்பதிலிருந்து, அந்நிலையை அடைதல் என்னும் பொருள் முகிழ்த்தது. நார்வேயில் நெடுங்காலம் எழுத்துமொழியாக இருந்த தேனிய மொழியும் இச்சொல்லுக்கு அரணாயிற்று. பழம்பொருளும் மாய்ந்துவிடவில்லை: ‘இங்கேயே இரு’ என ஏவும்போது இன்றும் ‘ப்லீ’ என்றே சொல்கின்றனர்.

இதன் உறுப்புகளைப் பிரித்தால் இன்னும் தொன்மை புலப்படும். முதலிலுள்ள பகரமெய், உயிர் தேய்ந்த ஒரு முன்னொட்டின் எச்சம். அடிச்சொல்லின் ஈற்று வகரமும் நார்வேயில் உதிர்ந்துபோயிற்று. அவ்வடியின் மூலப்பொருள் ஒட்டிக்கொள்ளுதல். பூசுதலைக் குறிக்கும் வடமொழி ‘லிப்’, கொழுப்பைக் குறிக்கும் கிரேக்க ‘லிபோசு’, வாழ்வைக் குறிக்கும் நார்வேச் சொல் ‘லீவ்’ ஆகியன யாவும் அதே வேரின் கிளைகளே.

நார்வே மொழியறிஞர் ஈவார் ஓசென் நாட்டுப்புறப் பேச்சுகளை ஊர் ஊராகச் சென்று திரட்டி, 1848இல் இலக்கணமும் 1850இல் அகரமுதலியும் வெளியிட்டார். செருமானியக் கடன்சொற்களை விலக்கிப் பழஞ்சொற்களை அரியணை ஏற்ற விழைந்த அப்பெருமகனின் பக்கமே என் நெஞ்சம் சாய்கிறது. அவர் வகுத்த நெறியில் வளர்ந்த நீனொர்சுக் எழுத்துமொழியில் ‘வெர்தா’வின் வழித்தோன்றல் ‘வெர்த்தெ’ என வாழ்கிறது. ஆயினும் மக்கள் நாவிலிருந்து ‘ப்லீ’யை எவராலும் அகற்ற இயலவில்லை. இன்று நீனொர்சுக் எழுதுவோர் இரண்டில் எதையும் ஆளலாம். நார்வேயின் மற்றோர் எழுத்துமொழியான பூக்மோல் எழுதுவோர்க்கு ‘ப்லீ’ ஒன்றே உண்டு.