டெலோமியரை அளந்தா ஆயுசு தெரியுமா?

“கொஞ்சம் ரத்தம் கொடுங்க, உங்க உடம்போட நிஜ வயசைச் சொல்றோம்” என்று பல நிறுவனங்கள் ஆன்லைனில் டெஸ்ட் விற்கின்றன. அவற்றில் ஒரு வகை அளப்பது டெலோமியரை. பணம் கட்டும் முன் அது என்னன்னு பார்த்துடலாம்.

ஷூ லேஸ் பிரியாம இருக்க நுனியில ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும் இல்லையா? நம்ம குரோமோசோம் நுனியிலும் அப்படி ஒரு உறை உண்டு. அதுதான் டெலோமியர். செல் பிரியும்போது டி.என்.ஏ.வை நகலெடுக்கும் என்சைமால் கடைசி நுனி வரை போக முடியாது. அதனால ஒவ்வொரு தடவையும் நுனி கொஞ்சம் குறையும். ரொம்பக் குறைஞ்சா செல் பிரிவதையே நிறுத்திடும். இந்த நுனியையும், அதை நீட்டுகிற டெலோமரேஸ் என்சைமையும் பற்றிய கண்டுபிடிப்புக்குத்தான் பிளாக்பர்ன், கிரைடர், சோஸ்டாக் மூவருக்கும் 2009ல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்போ நீளம் குறைஞ்சா ஆயுசும் குறைவா? ஓரளவு ஆதாரம் இருக்கு. அமெரிக்காவின் யூட்டாவில் 60 வயது தாண்டிய 143 பேரை வைத்து 2003ல் வந்த ஆய்வில், டெலோமியர் குட்டையாக இருந்தவர்களிடம் இறப்பு விகிதம் அதிகம். டென்மார்க்கில் 64,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து 2015ல் வந்த ஆய்வும் அதே திசையைத்தான் காட்டியது.

நம்ம பக்கத்திலும் ஒரு ஆய்வு இருக்கு. கேரளக் கடற்கரையில் மோனசைட் மணலால் இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகம். அங்கே வாழும் மக்களை பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் ஆராய்ந்து 2009ல் முடிவை வெளியிட்டார்கள். வயது கூடக் கூட டெலோமியர் குறைந்தது. ஆனா கதிர்வீச்சால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் தெரியல.

இதெல்லாம் கூட்டத்தோட சராசரி. தனி ஒருத்தருக்கு வரும்போதுதான் சிக்கல். ரத்த வெள்ளை அணுக்களில் வருஷத்துக்குச் சராசரியாகக் குறைவது சுமார் 20 முதல் 40 டி.என்.ஏ. எழுத்துகள். ஒரே வயதுள்ள இரண்டு பேருக்கு இடையிலேயோ ஆயிரக்கணக்கான எழுத்துகள் வித்தியாசம் இருக்கலாம். காரணம், பிறக்கும்போதே ஆளுக்கு ஒரு நீளம். கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்குப் போற கரும்பு லாரியை எடை மேடையில் ஏத்தி, அதுல ஒரே ஒரு கரும்பு கூடுதலா இருக்கான்னு கேட்கிற மாதிரிதான் இது. போதாக்குறைக்கு, பரவலாகப் பயன்படும் பி.சி.ஆர். முறையில் ஒரே சாம்பிளுக்கு இரண்டு லேப் இரண்டு நம்பர் தரலாம். நம்ம பாஷையில் சொன்னா, சிக்னலை விட நாய்ஸ் அதிகம்.

நீளமா இருந்தா நல்லதுன்னும் சொல்லிட முடியாது. ஆய்வக எலியின் டெலோமியர் நம்மோடதைவிடப் பல மடங்கு நீளம். அது வாழறதோ இரண்டு, மூன்று வருஷம்! பெரும்பாலான புற்றுநோய்ச் செல்கள் டெலோமரேஸை ஆன் பண்ணித்தான் ஓயாமல் பெருகுகின்றன. பரம்பரையாக மிக நீண்ட டெலோமியர் உள்ள சில குடும்பங்களில் கட்டிகள் அதிகம் என்று 2023ல் ஓர் ஆய்வு வந்தது. அதனால ‘டெலோமியரை நீட்டும் மாத்திரை’ன்னு யாராவது விற்றால் கூடுதல் உஷார் தேவை.

அப்போ இந்த டெஸ்டே வேஸ்ட்டா? இல்லை. பிறவியிலேயே டெலோமியர் மிகக் குட்டையாக இருந்து எலும்பு மஜ்ஜை செயலிழக்கும் அரிய நோய்களைக் கண்டுபிடிக்க டாக்டர்களுக்கு இது உதவுது. மத்தபடி, சிகரெட், பிரஷர், சுகர் மூன்றும் ஒருத்தர் ஆயுளைப் பற்றி இதைவிடத் தெளிவாகச் சொல்லும். பிரஷரையும் சுகரையும் நம்ம சின்னசேலம் அரசு மருத்துவமனையிலேயே காசில்லாமப் பார்த்துக்கலாம்.