ஏற்காடு காபியும் கிளவுட் பூட்டும்: உள்ள போறது ஃப்ரீ, வெளிய வர என்ன விலை?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு டாபிக், வெண்டர் லாக்-இன். ஒரு கம்பெனியோட கிளவுட்ல வசதியா போய் உட்கார்ந்துட்டு, அப்புறம் அங்கேருந்து எழுந்திருக்க முடியாம மாட்டிக்கிற நிலைமை. ஆனா இதை டேட்டா சென்டர்ல இருந்து ஆரம்பிக்கப் போறதில்ல. சேலத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏற்காட்டுல இருந்து ஆரம்பிக்கிறேன். லாக்-இன்னா என்னன்னு ஐம்பது வருஷத்துக்கும் மேல வாழ்ந்து பார்த்தவங்க நம்ம காபி விவசாயிங்க.

எல்லாக் காபியும் ஒரே இடத்துக்கு

சேர்வராயன் மலைக்கு காபி வந்தது 1820-கள்ல. அப்போ சேலம் கலெக்டரா இருந்த எம்.டி. காக்பர்ன் கொண்டு வந்தார்னு சொல்றாங்க. இன்னைக்கும் அங்க தோட்டங்களைப் பார்த்தீங்கன்னா, சில்வர் ஓக் நிழல்ல காபிச் செடி, அந்த மரத்துல ஏறிப் படர்ந்த மிளகுக் கொடி.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் ஐரோப்பாவுக்குப் போற ஏற்றுமதி அடைபட்டுப் போச்சு. இந்தியக் காபிக்கு வாங்க ஆள் இல்ல. அப்போ அரசாங்கம் ஒரு வழி கண்டுபிடிச்சது. விளைஞ்ச காபியை எல்லாரும் ஒரே இடத்துல கொட்டணும், அதை அரசு அமைப்பு விற்கும். 1942 காபி சட்டம் இதை உறுதியாக்கியது. வீட்டுத் தேவைக்கும் விதைக்கும் போக மீதி எல்லாம் காபி போர்டோட ‘பூல்’ கணக்குல சேரணும். போர்டு ஏலம் விடும். விவசாயிக்கு முதல்ல ஒரு முன்பணம், மீதி தவணை தவணையா வரும்.

இதுல போர்டை வில்லனா பார்க்க வேண்டாம். ரெண்டு ஏக்கர் வச்சிருக்கிற ஒருத்தர் ஏலம், ஏற்றுமதி, வெளிநாட்டு வியாபாரின்னு அலைய வேண்டியதில்ல. காபியைக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போகலாம். இன்னைக்கு கிளவுட் கம்பெனிகள் சொல்றதும் இதேதான்: “சர்வர் பத்தி நீங்க கவலைப்படாதீங்க, நாங்க பார்த்துக்கிறோம்.” கஷ்டமான நேரத்துல அது உண்மையான உதவி.

சிக்கல் நிலைமை மாறும்போதுதான் தெரிஞ்சது. 1989-ல் சர்வதேச காபி ஒப்பந்தத்தோட கோட்டா முறை உடைஞ்சு, உலக விலை சரிஞ்சது. 1991-ல் இந்தியக் காபியை நிறைய வாங்கிட்டு இருந்த சோவியத் யூனியனே இல்லாம போச்சு. வேற ஆளைத் தேடிப் போகலாம்னா சட்டத்துல வழி இல்ல. 1992-ல் இருந்து கொஞ்சம் கொஞ்சமா கதவு திறந்து, 1996-ல்தான் எல்லா விவசாயிக்கும் முழு சுதந்திரம் கிடைச்சது.

இந்தக் கதையில ஒண்ணை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. உள்ளே போன காரணம் நியாயமானது. வெளிய வர்ற வழியை மட்டும் யாரும் போட்டு வைக்கல.

கிளவுட்ல பூட்டு எங்க இருக்கு?

இப்போ ஒரு கற்பனை. உங்க ஃப்ரெண்ட் ஏற்காடு காபியை ஆன்லைன்ல விற்க ஒரு ஆப் பண்றாங்க. அந்த ஆப்ல நாலு விஷயம் இருக்கு: ஓடுற சர்வர், தோட்டத்து ஃபோட்டோக்கள், ஆர்டர் டேட்டாபேஸ், கஸ்டமர் லாகின். நாலுலயும் பூட்டு ஒரே மாதிரி இருக்காது.

சர்வர் லேசான பூட்டு. லினக்ஸ் எல்லா இடத்துலயும் லினக்ஸ்தான்.

ஃபோட்டோக்களும் ஓரளவு பரவாயில்ல. அமேசானோட எஸ்3 பேசுற பாஷையையே மத்த பல கம்பெனிகளும் பேசுறாங்க. ஆனா இங்க ஒரு டோல்கேட் இருக்கு. டேட்டாவை உள்ளே ஏத்துறது இலவசம், இணையம் வழியா வெளிய எடுக்கத்தான் காசு. இதுக்குப் பேரு ‘இக்ரெஸ்’ கட்டணம். அமேசானோட அமெரிக்க டேட்டா சென்டர்கள்ல, மாசம் முதல் 100 ஜிபிக்கு மேல, ஜிபிக்கு சுமார் 9 சென்ட். 10,000 ஜிபி எடுத்தா கிட்டத்தட்ட 890 டாலர், அதாவது 70,000 ரூபாய்க்கு மேல.

டேட்டாபேஸ்லதான் பூட்டு கனமாகுது. போஸ்ட்கிரெஸ் மாதிரி ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ் எடுத்தா, எந்தக் கிளவுட்லயும் கிடைக்கும், சொந்த மெஷின்லயும் ஓடும். டைனமோடிபி மாதிரி அமேசானுக்கே உரியதை எடுத்தா, அது அருமையா வேலை செய்யும். ஆனா அதுக்காக எழுதின கோடு பெரும்பாலும் அப்படியே வேற இடத்துல ஓடாது. கடைசியில லாகின். கஸ்டமரோட பாஸ்வேர்டு தகவலை முழுசா வெளிய எடுக்க முடியலன்னா, ஒவ்வொருத்தர்கிட்டயும் “திரும்ப பாஸ்வேர்டு போடுங்க”ன்னு கெஞ்சணும்.

அதனால டோல்கேட் காசை மட்டும் பார்த்து பயப்படாதீங்க. அதை ஒரு தடவை கட்டிடலாம். பெரிய செலவு, கோடை மாத்தி எழுத ஆகிற மாசங்களும், அந்த ஒரே கிளவுடை மட்டும் படிச்ச டீமும்.

“நமக்கெல்லாம் எங்க நடக்கப் போகுது?”

நடந்திருக்கு. 2025 ஜூலைல ஐரோப்பிய ஒன்றியம் நயாரா எனர்ஜி மேல தடை போட்டது. குஜராத் வாடினார்ல பெரிய சுத்திகரிப்பு ஆலை வச்சிருக்கிற இந்தியக் கம்பெனி அது; ரஷ்யாவோட ரோஸ்நெஃப்டுக்கு அதுல பங்கு இருக்கு. சில நாள்லயே மைக்ரோசாஃப்ட் அவங்களோட மெயில், டீம்ஸ் சேவையை நிறுத்திடுச்சு. பணம் கட்டின லைசென்ஸ்னு சொல்லி நயாரா டெல்லி உயர் நீதிமன்றம் போச்சு. அதுக்கப்புறம் சேவை திரும்ப வந்தது. வேற கண்டத்துல எடுத்த ஒரு முடிவு, குஜராத்துல இன்பாக்ஸை மூடிடுச்சு.

இன்னொரு பக்கம், 2024 மே மாசம் ஆஸ்திரேலியா. யூனிசூப்பர்னு ஒரு ஓய்வூதிய நிதி, 6 லட்சத்துக்கும் மேல உறுப்பினர்கள். கூகுள் கிளவுட் பக்கம் நடந்த ஒரு தவறான அமைப்பால அவங்களோட பிரைவேட் கிளவுட் கணக்கே அழிஞ்சு போச்சு. ரெண்டு இடத்துல காப்பி வச்சிருந்தாங்க, ரெண்டும் அதே கணக்குல இருந்ததால ரெண்டும் போச்சு. காப்பாத்தினது வேற ஒரு கம்பெனிகிட்ட தனியா வச்சிருந்த பேக்கப். காபி விலை சரியும்போது மிளகு கை கொடுக்கிற மாதிரி.

சுதேசி கிளவுட் வந்தா தீர்ந்துடுமா?

2025-ல் மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரோட மெயில் ஸோஹோ தளத்துக்கு மாறினதா செய்தி வந்தது. சென்னைல தலைமையகம், தென்காசி பக்கம் ஆபீஸ்னு நம்ம ஊர் கம்பெனி. வேற நாட்டோட தடை நம்ம மெயிலை மூடுற ஆபத்து இதுல குறையும், அது பெரிய விஷயம்தான். ஆனா காபி போர்டும் நம்ம அரசாங்கத்தோடதுதானே? கதவு இல்லாத வீடு யாரோடதா இருந்தாலும் கதவு இல்லாத வீடுதான்.

அந்தக் கதவுக்காக இப்போ சட்டமே வருது. ஐரோப்பாவோட டேட்டா ஆக்ட் 2025 செப்டம்பர் 12 முதல் அமல்ல இருக்கு. கிளவுட் மாறுறதுக்கு கட்டணம் வாங்குறதை 2027 ஜனவரி 12 முதல் அது முழுசா தடுக்குது. அதுக்கு முன்னாடியே, 2024 ஆரம்பத்துல, கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூணு பேரும் மொத்தமா விட்டுட்டுப் போறவங்களுக்கு இக்ரெஸ் கட்டணத்தை விலக்கிட்டாங்க. வரும் வருஷங்கள்ல டோல்கேட் பலவீனமாகும். கோடுக்குள்ள நாமளே போட்டுக்கிற பூட்டை எந்தச் சட்டமும் திறக்காது.

அப்போ என்ன பண்ணலாம்?

எல்லாத்தையும் ரெண்டு கிளவுட்ல ஓட்டுங்கன்னு சொல்ல மாட்டேன். மூணு பேர் இருக்கிற ஸ்டார்ட்அப்புக்கு அது ரெட்டைச் செலவு, ரெட்டைத் தலைவலி. சுதந்திரத்துக்கும் விலை உண்டு. 1996-க்கு அப்புறம் காபி விவசாயிக்கு நல்ல விலை கிடைச்ச வருஷங்கள் வந்துச்சு, 2000-க்குப் பிறகு உலக விலை பாதாளத்துக்குப் போனப்போ அந்த அடியை நேரடியா தாங்கினதும் அவங்கதான்.

அதனால நான் சொல்றது மூணே விஷயம். ஒண்ணு, டேட்டாபேஸையும் லாகினையும் யோசிச்சுத் தேர்ந்தெடுங்க, அங்கதான் கனமான பூட்டு. ரெண்டு, ஒரு பேக்கப்பை வேற கம்பெனிகிட்ட, வேற கணக்குல, வேற கார்டுல பணம் கட்டி வைங்க. மூணு, வருஷத்துக்கு ஒரு நாள் ஒதுக்கி, அந்த பேக்கப்பை வச்சு ஆப்பை வேற இடத்துல எழுப்பிப் பாருங்க. எவ்வளவு நேரம் ஆச்சுன்னு எழுதி வைங்க. அந்த நம்பர்தான் உங்க பூட்டோட எடை.

நாலு மணி நேரம்னா நிம்மதியா அதே கிளவுட்ல இருங்க. நாலு மாசம்னா, அடுத்த தடவை விலை ஏத்துறோம்னு மெயில் வரும்போது உங்களால ‘சரி’ன்னு மட்டும்தான் சொல்ல முடியும்.

உங்க ஆபீஸ்ல அந்த நம்பர் என்ன? டீம்ல கேட்டுப் பாருங்க. யாருக்கும் தெரியலன்னா, அதுவும் ஒரு பதில்தான். அடுத்த எபிசோட்ல பேசுவோம்.