வீடும் ஒரு சரக்குதான்: கட்டி விற்பதன் கணக்கு

கடையில் நாலு காசு மிச்சமானால் நம் வணிகர்களின் கண் முதலில் போவது மனையின் மேல்தான். முன்பெல்லாம் மனையை வாங்கிப் போட்டுவிட்டு விலை ஏறட்டும் என்று காத்திருந்தார்கள். இப்போது அதில் ஒரு வீட்டைக் கட்டி விற்றால் இரட்டிப்பு லாபம் என்ற எண்ணம் பல ஊர்களில் பரவியிருக்கிறது. ஒருவர் ஒரு வீட்டை விற்று ஆறு லட்சம் பார்த்தார் என்ற செய்தி கடைவீதி முழுவதும் பேசப்படுகிறது. அந்த ஆறு லட்சத்தில் அவர் கையில் உண்மையில் நின்றது எவ்வளவு என்பதை யாரும் கேட்பதில்லை.

வீடு கட்டி விற்பது நல்ல தொழில்தான். ஆனால் அதுவும் ஒரு சரக்கு வியாபாரமே என்பதை மறக்கக் கூடாது. அரிசி மூட்டையில் நூற்றுக்கு மூன்று ரூபாய் நின்றாலும், மாதம் இரண்டு முறை பணம் சுற்றினால் ஆண்டுக்கு 24 சுற்று. கடைச் செலவு கழிக்கும் முன் நூறு ரூபாய் முதலுக்கு 72 ரூபாய். வீட்டிலோ ஒரு சுற்று வர ஓராண்டு ஆகிறது. ஆகவே வீட்டின் லாபத்தை முடிவு செய்வது விற்பனை விலை மட்டுமல்ல, பணம் முடங்கிக் கிடக்கும் காலமும்தான்.

ஓர் உதாரணக் கணக்கு

ஒரு நடுத்தர ஊரின் புறப்பகுதியில் அரை கிரவுண்டு மனை, அதாவது 1,200 சதுர அடி, 15 லட்சத்துக்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் 9 சதவீதம்: 1,35,000. தரகு, பட்டா மாற்றம், வரைபடம், அனுமதிச் செலவுகள்: 65,000. ஆக மனை வகையில் 17 லட்சம். பத்து சதுரம் கட்டடம், சதுர அடிக்கு 2,200 வீதம் 22 லட்சம். ஆழ்துளைக் கிணறு, மின் இணைப்பு, சுற்றுச்சுவர் 2 லட்சம். மொத்த அடக்கம் 41 லட்சம். விற்பனை 47 லட்சம். ஊரார் பேசும் ஆறு லட்சம் இதுதான். (அவரவர் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளவும்.)

இனி வட்டியைப் போடுவோம். பத்திரம், அனுமதி முடிய 2 மாதம், கட்ட 8 மாதம், விற்றுப் பணம் வர 2 மாதம் என ஓராண்டு. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. மனைக்குப் போட்ட 17 லட்சம் 12 மாதம் நிற்கிறது: 2,04,000. கட்டடத்துக்கான 24 லட்சம் சிறுகச் சிறுகப் போவதால் சராசரி 6 மாதம்: 1,44,000. விற்பனைத் தரகு ஒரு சதவீதம்: 47,000. இவை போக மிச்சம் 2,05,000 ரூபாய்.

வீடு முடிந்த பின் விற்காமல் நின்றால் 41 லட்சத்துக்கு மாதம் 41,000 ரூபாய் வட்டி ஓடும். ஐந்து மாதம் தாமதமானால் 2,05,000. மிச்சம் முழுவதும் தீர்ந்தது! ஆறாம் மாதம் முதல் கைநஷ்டம். "என் சொந்தப் பணம்தானே, வட்டி எங்கே?" என்று சிலர் கேட்பார்கள். அந்தப் பணம் கடையில் சுற்றியிருந்தால் என்ன தந்திருக்கும் என்பதே அதன் வட்டி.

மனை வாங்கும்போதே விற்பனை தொடங்குகிறது

வீடு வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் வங்கிக் கடனை நம்பி வருகிறவர்கள். எனவே உங்கள் பத்திரங்களை முதலில் பார்ப்பது வாங்குபவர் அல்ல, வங்கியின் வக்கீல். தாய்ப்பத்திரம் முதல் தொடர்ச்சி, 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம், மனைப்பிரிவு அங்கீகாரம், கட்டட அனுமதி ஆகிய ஆறும் சரியாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கடன் நிற்கும். கடன் நின்றால் வீடு நிற்கும்.

அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், 2017இல் வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்ததும் நாம் அறிந்ததே. வரன்முறை செய்யாத மனை மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதற்குக் கட்டட அனுமதியும் கிடைக்காது, வங்கிக் கடனும் கிடைக்காது. அதேபோல் பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு நிலம் நமதாகிவிட்டது என்று நினைப்பதும் ஆபத்து. அப்படிப்பட்ட கைமாற்றம் உரிமையைத் தராது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அனுமதி பெறுவது முன்னைவிட எளிது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்கு சுயசான்று முறையில் இணையம் வழியாக உடனே அனுமதி பெறும் திட்டம் 2024 ஜூலையில் வந்தது. ஆனால் அனுமதி பெற்ற வரைபடத்தை மீறி ஓர் அறையைக் கூட்டிக் கட்டினால், வங்கியின் மதிப்பீட்டாளர் வரும் நாளில் அது வெளிப்படும்.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை

நமக்காகக் கட்டும் வீட்டில் நம் விருப்பம் செல்லும். விற்கக் கட்டும் வீடு பலருக்கும் பொருந்த வேண்டும். கிழக்கு, வடக்கு வாசல் வீடுகள் விரைவில் போகும். மனை வாங்கும்போதே இதைப் பார்த்துவிட வேண்டும். பிறகு மாற்ற முடியாது.

சதுர அடிக்கு நூறு ரூபாய் குறைக்கலாம் என்று கம்பியிலும் சிமெண்டிலும் கை வைக்கிறவர்கள் உண்டு. நம் உதாரணத்தில் அதனால் மிச்சமாவது ஒரு லட்சம். அது விற்காமல் நிற்கும் இரண்டரை மாத வட்டிக்குக் கூடக் காணாது. சீக்கிரம் முடித்து சீக்கிரம் விற்பதில் கிடைப்பதை விட்டு, சரக்கில் மட்டம் செய்து பெயரைக் கெடுத்துக்கொள்வது வியாபாரம் ஆகாது. அதே நேரம் அவசரம் காட்டக் கூடாத இடமும் உண்டு. இப்போது பரவலாக விற்கும் பி.பி.சி. சிமெண்டில் போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் காட்ட வேண்டும். பொறியாளர் சொல்லும் நாளுக்கு முன் மேஸ்திரி சென்ட்ரிங் பிரிக்க விடக் கூடாது. ஒழுகும் கூரைக்காக வாங்கியவர் நுகர்வோர் நீதிமன்றம் போகலாம். வீடு கட்டித் தருவதும் சேவையே என்று உச்ச நீதிமன்றம் 1993இலேயே தீர்ப்பளித்திருக்கிறது.

மாதக் கணக்கும் முக்கியம். ஆடி, புரட்டாசி, மார்கழியில் புதுமனை புகுவோர் அரிது. ஆனி கடைசியில் வீடு முடிந்தால் ஆடி வீணாகும்; ஆவணி ஒன்றுதான் கிடைக்கும்; அதையும் விட்டால் ஐப்பசிதான். எனவே தை மாதச் சந்தைக்கு வீடு தயாராகும்படி பின்னோக்கி எண்ணி வேலையைத் தொடங்குவது நலம்.

வரியில் சறுக்கும் இடங்கள்

கட்டி முடித்ததற்கான சான்று கிடைத்த பிறகோ, முதல் குடியேற்றத்துக்குப் பிறகோ விலை முழுவதும் பெற்று விற்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. கட்டும்போதே அட்வான்ஸ் வாங்கினால் உண்டு. 2019 ஏப்ரல் முதல் இது 5 சதவீதம். 45 லட்சத்துக்கு மிகாமலும், உள் பரப்பு பெருநகரில் 60, மற்ற ஊர்களில் 90 சதுர மீட்டருக்கு மிகாமலும் இருந்தால் 1 சதவீதம். இரண்டிலும் சிமெண்ட், கம்பிக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. நம் 47 லட்சம் வீட்டுக்கு, விலைக்கு மேல் தனியாக வாங்க வேண்டிய வரி 2,35,000. "எல்லாம் சேர்த்து 47" என்று வாய் தவறினால் நம் கையிலிருந்து போவது சுமார் 2,24,000. அட்வான்ஸால் வட்டி குறையும் என்பது உண்மை. இரண்டையும் எதிரெதிரே எழுதிப் பார்த்தபின் வாங்குங்கள்.

காம்போசிஷன் முறையில் வரி கட்டும் மளிகைக் கடைக்காரர்கள் இதில் தனிக் கவனம் செலுத்த வேண்டும். அதே பான் எண்ணில் அட்வான்ஸ் வாங்கிக் கட்டி விற்றால், கடைக்குரிய அந்தச் சலுகையே கைவிட்டுப் போகலாம். ஆடிட்டரைக் கேட்காமல் அட்வான்ஸில் கை வைக்க வேண்டாம்.

விற்கவே கட்டிய வீட்டின் லாபம் வருமான வரியில் வியாபார வருமானம். வேறு வீடு வாங்கிச் சலுகை பெற இயலாது. சொந்தப் பணத்துக்கு நாம் போட்ட வட்டியும் செலவாகக் கழியாது. வழிகாட்டி மதிப்பைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைத்து விற்றால், வழிகாட்டி மதிப்பையே விலையாக எடுத்துக்கொள்வார்கள். அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அதே அளவு அபராதம் வரலாம்.

நிலம் 500 சதுர மீட்டருக்கு மேலோ, வீடுகள் எட்டுக்கு மேலோ போனால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு முன் விளம்பரமும் கூடாது, அட்வான்ஸும் கூடாது.

கடை முதலைத் தொடாதீர்கள்

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து இதுதான். மண்டியில் 15 நாள் தவணையில் வந்த சரக்கை விற்ற பணம் கல்லாவில் இருக்கும். அது நம் பணம் போலத் தோன்றும். உண்மையில் அது மண்டிக்காரர் பணம். அதைக் கொண்டு சென்ட்ரிங் பலகைக்குக் கூலி கொடுத்தால், 15 நாளில் திருப்ப வேண்டிய பணம் ஓராண்டு சரக்கில் மாட்டிக்கொள்ளும். வங்கியில் சரக்கின் பேரில் வாங்கிய கேஷ் கிரெடிட் பணத்தை மனையில் போடுவதும் அப்படியே. தெரிந்தால் வங்கி அந்த வரம்பையே நிறுத்தலாம். பிறகு கடையில் பருப்பு இல்லை, எண்ணெய் இல்லை என்று வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். வீடு பின்னால் நல்ல விலைக்கே விற்றாலும் போன வாடிக்கையும் நாணயமும் திரும்பி வருவது கடினம்.

ஆகவே வீட்டுக்குத் தனி வங்கிக் கணக்கும் தனிப் பேரேடும் வையுங்கள். ஓராண்டுக்குக் கடைக்குத் தேவைப்படாத பணத்தை மட்டும் அதில் இறக்குங்கள். முடிந்த பின் ஆறு மாதம் விற்காவிட்டாலும் தாங்க முடியுமா என்று மனை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தாங்க முடியாது என்றால் இரண்டு மூன்று பேர் எழுத்து மூலம் கூட்டுச் சேர்ந்து ஒரு வீட்டோடு தொடங்குவது நலம். முதல் வீடு விற்றுப் பணம் கைக்கு வந்த பிறகே இரண்டாவது மனைக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.